மரம் சாய்க்கும் கயிறு

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளமுள்ள நீலநிறக் கயிற்றுத் துண்டு ஒன்று கிடக்கிறது. அறைக்கு வரும் நண்பர்கள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இரசாயனம் படிக்க வந்தவன் கயிறு திரிக்கவும் தொடங்கிவிட்டாயா?" என்று கேலி செய்வார்கள். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் உண்மை இருக்கிறது. அன்று நான் திரித்த கயிறுதான் ஒரு மனிதரின் முகத்தைக் கிழித்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால், நம் மன்றத்து ஏட்டிலேயே எழுதிவிடத் துணிந்தேன்.

2024ஆம் ஆண்டு ஆடி மாதம். நகரின் மேற்கே என் சிற்றப்பா குடியிருக்கும் வீட்டின் பின்புறம் பதினைந்து மீட்டர் உயரமுள்ள தைலமரம் ஒன்று நின்றது. ஹைதராபாத் நிலத்தின் இயல்பை நீங்கள் அறிவீர்கள். பல இடங்களில் மேலே ஒரு முழம் மண். அதன் கீழே கருங்கற்பாறை. வேர் ஆழமாக இறங்க இடமின்றிப் பக்கவாட்டில் படர்கிறது. நாலு நாள் விடாமல் பெய்த மழையில் மண் குழைந்து, மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. 2002ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டப்படி அனுமதி பெற்றுத்தான் இங்கே மரத்தில் கோடரி வைக்கவேண்டும். சிற்றப்பா அதைப் பெற்றுக்கொண்டு, மரம் வெட்டும் தொழிலாளர் நால்வரை அழைத்து வந்தார். அவர்களில் மூத்தவர் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "தம்பி நம்ம ஊரா?" என்றார். "பொள்ளாச்சி அண்ணே" என்றேன். அந்த நொடியிலிருந்து நான் அவர் கட்சி.

அவர் கொண்டுவந்த கயிறு நீளம் போதவில்லை. நான் மொட்டை மாடிக்கு ஓடிப்போய், தண்ணீர்த் தொட்டியின் மேல் மூன்று கோடைகளாகச் சுருண்டு கிடந்த நீலக் கயிற்றை எடுத்து வந்தேன். அவர் அதை விரலால் நெருடிப் பார்த்தார். நார் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"கயிறு நல்லதுதானா தம்பி?"

"நைலான் அண்ணே! யானையைக் கட்டி இழுக்கலாம்."

எம்.எஸ்ஸி. படிக்கிற பையன் சொல்கிறானே என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஏணி எட்டிய உயரத்தில், அதாவது மூன்று மீட்டரில், கயிற்றைக் கட்டினார்கள். வெட்டு பாதி இறங்கியதும் ஆறு பேர் சேர்ந்து இழுத்தோம். மரம் அசையவில்லை. கயிற்றின் முனையைத் தெருவில் நின்ற டிராலி வண்டியின் பின்புறம் மாட்டினார்கள். ஓட்டியவர் கிளட்சை விட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளியது. மரத்தண்டில் போட்ட முடிச்சருகே கயிறு அறுந்து, சாட்டைபோல் தெருவை நோக்கிப் பறந்தது. வண்டியின் பக்கத்தில் நின்று குரல் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணனின் கன்னத்தில் அது இறங்கியது. மரம் பின்னோக்கிச் சாய்ந்து மாடிக் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு நின்றது. வீட்டில் ஒருவருக்கும் அடியில்லை. அண்ணனுக்கு ஏழு தையல். இருபது நாள் வேலையில்லை.

மறுநாள் அந்தக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டிச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோய், நீர் நிறைந்த பீக்கரில் போட்டேன். அது மிதந்தது.

நைலானாக இருந்தால் மூழ்கியிருக்க வேண்டும். நைலானின் அடர்த்தி நீரைப்போல் 1.14 மடங்கு, பாலியெஸ்டருடையது 1.38 மடங்கு. பாலிப்ரொப்பிலீன் மட்டும் 0.91. கடைத்தெருவில் நீலத்திலும் பச்சையிலும் மஞ்சளிலும் "நைலான் கயிறு" என்று நாம் கேட்டு வாங்குவதில் பெரும்பகுதி இந்தப் பாலிப்ரொப்பிலீன்தான். நெருப்பில் காட்டினால் மெழுகுவர்த்தி அணைந்த வாடை வரும். இதற்குச் சோதனைச்சாலைகூட வேண்டியதில்லை. ஒரு குவளைத் தண்ணீர் போதும். ஒரு குவளைத் தண்ணீர் செலவழிக்காத சோம்பல் எனக்கு.

பாலிப்ரொப்பிலீன் மட்டமான பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக இருக்கையில் 10 மில்லிமீட்டர்க் கயிறு ஏறத்தாழ 1.4 டன் இழுத்தால்தான் அறும். அதன் பகை வெயில். அதன் கார்பன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மீதைல் கிளை ஒன்று தொங்குகிறது. அக்கிளை தொங்கும் கார்பனிலுள்ள ஹைட்ரஜன் அணு எளிதில் கழன்றுகொள்ளும். புற ஊதாக் கதிர் பட்டு அது கழன்றதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே வந்து பற்றுகிறது. சங்கிலி அந்த இடத்தில் முறிகிறது. நீண்ட சங்கிலிகள் குட்டைச் சங்கிலிகளாகின்றன. வெயிலைத் தாங்கும் மருந்து கலந்து செய்த கயிற்றில் இது மெதுவாக நடக்கும். மலிவான கயிற்றில் விரைவாக நடக்கும். அண்ணனின் விரலில் ஒட்டிய நீலப்பொடி இப்படி முறிந்த சங்கிலிகளே. வகுப்பில் இதைப் படித்துத் தேர்வில் எழுதியவன் நான். கையில் பொடியாக உதிர்ந்தபோது அடையாளம் தெரியவில்லை.

சரி, அன்று கயிறு நல்லதாக இருந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்குமா? முடிந்திருக்காது என்பதே என் கருத்து. ஏனென்று பார்க்க, மரம் சாய்ப்பதில் கயிற்றின் வேலை என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

மரத்தைக் கயிறு வீழ்த்துவதில்லை. விழவேண்டிய பக்கத்தில், அடிமரத்தின் குறுக்களவில் நாலில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்று ஆழத்துக்கு, தர்ப்பூசணித் துண்டு எடுப்பதுபோல் ஒரு வாய் எடுப்பார்கள். பிறகு எதிர்ப்புறமிருந்து பின்வெட்டு. இரண்டு வெட்டுகளும் ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது. நடுவே குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு தடிப்புக்கு மரம் வெட்டப்படாமல் நிற்கவேண்டும். இதுதான் கீல். கதவு கீலில் திரும்புவதுபோல் மரம் இதில் திரும்பி விழுகிறது. திசையை வகுப்பது கீல். இழுப்பது மரத்தின் சொந்த எடை. எடையின் மையம் கீலைத் தாண்டி விழும் பக்கம் வரும்வரை கைகொடுப்பதே கயிற்றின் வேலை. நேராக நிற்கும் மரத்துக்குப் பின்வெட்டில் இரண்டு ஆப்புகள் அடித்தாலே போதும், கயிறே வேண்டாம். ஆப்பு வைத்திருந்தால் அன்று கயிறு அறுந்தபிறகும் மரம் பின்னுக்கு உட்கார்ந்திருக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். அந்தத் தைலமரத்தின் எடை ஒன்றரை டன் என்றும், சாய்ந்ததால் அதன் மையம் வீட்டுப் பக்கமாக ஒரு மீட்டர் விலகி நின்றது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கீலைச் சுற்றி அதன் திருப்புத்திறன் 1,500 கிலோ-மீட்டர். மூன்று மீட்டர் உயரத்தில் கட்டிய கயிறு இதை ஈடுசெய்ய 500 கிலோ இழுவிசை வேண்டும். காலை ஊன்றி விடாமல் இழுக்கும் ஓர் ஆள் முப்பது, நாற்பது கிலோ இழுப்பான். ஆறு பேரால் எப்படி முடியும்? அதே கயிற்றைப் பத்து மீட்டர் உயரத்தில் கட்டியிருந்தால் 150 கிலோ போதும். ஆறு பேரே மிகை. ஏணிக்கு மேல் ஏறச் சோம்பியதற்காக வண்டியைப் பூட்டினோம்.

உயரே கட்டுவது நல்லது என்பதற்காக உச்சியில் கட்டிவிடவும் கூடாது. மெலிந்த நுனி ஒடிந்து கையோடு வந்துவிடும். உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவான அளவு. இழுப்பவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதும் கணக்கில் சேரும். பத்து மீட்டர் உயரத்தில் கட்டிவிட்டுப் பத்து மீட்டர் தொலைவில் நின்று இழுத்தால் கயிறு 45 பாகைச் சரிவில் இறங்குகிறது. இழுப்பதில் ஒரு பகுதி மரத்தைத் தரையை நோக்கி அழுத்துவதில் வீணாகிறது. 150 கிலோவுக்குப் பதில் 212 கிலோ இழுக்கவேண்டும். முப்பது மீட்டர் தள்ளி நின்றால் 158 கிலோவே ஆகும். பதினைந்து மீட்டர் மரம் பத்து மீட்டர் தொலைவில் நிற்பவன் தலையில் விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? மர உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவு என்று வைத்துக்கொண்டால் கணக்கும் சரி, உயிரும் சரி.

இங்கே ஓர் இடைச்செருகல். நற்றிணையின் 284ஆம் பாட்டைப் பாடியவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றே பெயர். அவர் சொன்ன உவமையே அவர் பெயராகிவிட்டது. இரு களிறுகள் இருபுறமும் பற்றி இழுக்கும் பழைய கயிறு அது. நம் வகுப்பு நண்பர்கள் பலரிடம் ஒரு கேள்வி போட்டுப் பார்த்தேன்: ஒரு யானை ஒரு டன் இழுத்தால், இரு யானைகளுக்கு நடுவிலுள்ள கயிற்றில் இழுவிசை எவ்வளவு? பத்துக்கு ஏழு பேர் இரண்டு டன் என்றார்கள். ஒரு டன்தான். கயிற்றின் மறுமுனையை யானை பிடித்தாலென்ன, பாறையில் கட்டினாலென்ன, அது எதிர்த்து இழுப்பதும் ஒரு டன்தான். ஆனால் அந்தக் கயிற்றை ஒரு கப்பியில் மாட்டித் திசை திருப்பிப் பாருங்கள், கதை மாறும். கயிறு வந்த வழியே திரும்பினால் கப்பியைக் கட்டிய இடத்தில் இரண்டு டன். செங்கோணமாகத் திரும்பினால் 1.4 டன். இழுப்பவரை மரத்துக்கு நேரே நிறுத்தாமல் பக்கவாட்டில் ஒதுக்க இந்தக் கப்பி மிக உதவும். அதைக் கட்டும் வளையமும் பட்டையும் கயிற்றைவிட உரமாக இருக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வேண்டிய விசை தெரிந்தது. இனிக் கயிறு. 12 மில்லிமீட்டர்த் தடிப்பை வைத்து ஒப்பிடுவோம். மணிலா நார்க் கயிறு ஏறத்தாழ ஒரு டன்னில் அறும். பாலிப்ரொப்பிலீன் இரண்டு டன். பாலியெஸ்டர் அதற்குச் சற்று மேல். நைலான் மூன்று டன்னை நெருங்கும். கம்பி வடம், அதாவது கடைக்காரர் "வயர் ரோப்" என்பது, எட்டு டன்னுக்கு மேல். டைனீமா போன்ற பெயர்களில் வரும் புதுவகைப் பாலிஎத்திலீன் கயிறு கம்பி வடத்தையும் மிஞ்சும். அதுவும் நீரில் மிதக்கும் என்பதால் மிதப்பதெல்லாம் மட்டம் என்று எண்ணவேண்டாம். ஆனால் அது வழவழப்பானது, சாதாரண முடிச்சுகளில் நழுவும், 150 பாகைச் சூட்டுக்குள்ளேயே உருகிவிடும். விலையோ நம் உதவித்தொகையில் அடங்காது.

இந்த எண்கள் அறுபடும் எண்கள். தாங்கும் எண்கள் அல்ல. கடையில் "மூன்று டன் கயிறு" என்றால் மூன்று டன்னுக்கு அது பிணமாகும் என்று பொருள். நார்க் கயிற்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, கம்பி வடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு என்று வேலைச் சுமையை வைத்துக்கொள்வது வழக்கம். இது வீண் அச்சமன்று. முடிச்சுப் போட்டதுமே கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சிலவகை முடிச்சில் பாதிகூடப் போய்விடும்; முடிச்சின் வளைவில் வெளிப்புற இழைகள் முழுச் சுமையையும் ஏற்க, உட்புற இழைகள் சும்மா கிடக்கின்றன. எங்கள் கயிறும் முடிச்சருகேதான் அறுந்தது. புரிகளைப் பிரித்துக் கோத்துப் பின்னிய கண்ணி பத்தில் ஒன்பது பங்கு பலத்தைக் காக்கும். நைலான் நனைந்தால் பத்து விழுக்காட்டுக்கு மேல் பலம் குறையும். மழைக்காலத்தில்தானே மரமும் சாய்கிறது! பாலியெஸ்டருக்கு அந்தக் குறையில்லை. பிறகு வண்டியின் துள்ளல். நிதானமாக ஏறும் 500 கிலோ வேறு. வேகம் பிடித்த வண்டி திடீரென்று கயிற்றை விறைக்கும்போது ஏறும் விசை வேறு. அது இரண்டு மூன்று மடங்கு ஆவது எளிது.

இதுவரை சொன்னது பலம். நான் அந்தக் கன்னத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பது பலத்தை அன்று, நீட்சியை.

முப்பது மீட்டர் நீளமுள்ள கயிற்றில் ஒரு டன் ஏற்றுவதாகக் கொள்வோம். 12 மில்லிமீட்டர் நைலான் பத்தில் ஒரு பங்கு நீளுமானால் மூன்று மீட்டர் நீண்டிருக்கும். அந்த நீட்சியில் சேர்ந்திருக்கும் சக்தி, விசையையும் நீட்சியையும் பெருக்கிப் பாதியாக்கினால், ஏறத்தாழ 15,000 ஜூல். ஐம்பது கிலோ அரிசி மூட்டையைப் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது அதனிடம் இருக்கும் சக்தி இதுதான். அதே ஒரு டன்னைக் கம்பி வடத்தில் ஏற்றினால் அது நீள்வது ஐந்து, ஆறு சென்டிமீட்டர். சக்தி 250, 300 ஜூல். அதே மூட்டையை முழங்கால் உயரத்திலிருந்து நழுவவிட்டதுபோல. பாலியெஸ்டர் நைலானில் பாதியளவே நீள்வதால் சக்தியிலும் பாதி. கயிறு அறும்போது இந்தச் சக்தி எங்கே போகும்? கயிறு தன்னைத்தானே எறிந்துகொள்வதில் போகும்.

1997ஆம் ஆண்டு அக்டோபரில் தைவானின் தைப்பே நகரில் ஆயிரத்து அறுநூறு பேர் கூடி வடம் இழுக்கும் போட்டி நடத்தினார்கள். நைலான் வடம் நடுவே அறுந்தது. மீண்டு பாய்ந்த வேகத்தில் இருவருடைய கை துண்டாயிற்று. மருத்துவர்கள் பிறகு அவற்றைப் பொருத்தினார்கள். அங்கே மரமுமில்லை, வண்டியுமில்லை. மனிதர்கள் கையால் இழுத்துச் சேர்த்த சக்தி அது.

அப்படியானால் நீளாத கம்பி வடமே உத்தமம் என்று முடிவுகட்டலாமா? ஒரு நன்மையை மறுக்க முடியாது. 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்னும் அதிகாரி முதன்முதலாகக் கம்பி வடத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். புரிக்கு நான்கு இரும்புக் கம்பி, மூன்று புரி, அவ்வளவே. அதற்குமுன் அங்கே சங்கிலிகள் இருந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று, முன்னறிவிப்புக் கிடையாது. வடத்தில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை தாங்கும். அறுந்த கம்பி வெளியே முள்போல் நீட்டிக்கொண்டு, "என்னைப் பார்" என்று எச்சரிக்கும். வெயில் அதை ஒன்றும் செய்யாது.

குறைகளும் உண்டு. 12 மில்லிமீட்டர் வடம் நாற்பது மீட்டர் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும்; அதைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து மீட்டர் ஏறிப் பாருங்கள். ஒருமுறை மடிந்து முறுக்கிக்கொண்டால் அந்த இடம் என்றைக்கும் ஊனம். நீளாததால், மரம் ஒரு விரற்கடை அசைந்ததும் வடம் தொய்ந்து இழுவிசை அற்றுப்போகும். இழுப்பவர் விடாமல் சுருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். நைலானோ சேர்த்துவைத்த நீட்சியால் மரத்தைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே போகும். வண்டியின் துள்ளலையும் கம்பி வடம் உள்வாங்காது. அப்படியே கட்டிய இடத்துக்குக் கடத்திவிடும். முழு இழுப்பில் அறுந்த கம்பி வடமும் ஆளைக் கொல்லும் என்பதை மறவாதீர்கள். என் அரிசி மூட்டைக் கணக்கு ஒரு டன்னுக்குத்தான், வடமோ எட்டு டன்வரை தாங்கி நின்று பிறகு அறுவது. இழுக்கும்போது வடத்தின் நடுவே கனமான ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுவைப்பது பழைய வேலைக்காரர் வழக்கம், நல்ல வழக்கம்.

கம்பி வடத்தின் கண்ணியை யூ வடிவக் கிளாம்புகளால் இறுக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கிளாம்பின் தட்டையான சேணப் பகுதி சுமை ஏறும் நீண்ட வடத்தின் மேல் உட்காரவேண்டும். வளைந்த யூ பகுதி குட்டை வாலைக் கவ்வவேண்டும். மாற்றிப் போட்டால் யூ, சுமை ஏறும் வடத்தையே நசுக்கிவிடும். நம் நகரின் கட்டட வேலைகளைக் கடந்துபோகும்போது பாருங்கள்; பல இடங்களில் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக மாற்றி மாற்றி மாட்டியிருப்பார்கள். அழகுக்காகப் போலும்.

கம்பி வடத்துக்கு உரிய துணை வண்டியன்று, கைப்பொறி. டிர்ஃபோர் என்று மீட்புப் படையினர் சொல்லும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட, உள்ளே இரண்டு தாடைகள் மாறி மாறி வடத்தைக் கவ்வி அங்குலம் அங்குலமாக இழுக்கும். ஒரு மனிதன் தன் கைவலியால் டன் கணக்கில் இழுக்கலாம். அளவு மீறினால் அதிலுள்ள சிறு ஊசி முறிந்து, இழுப்பது நின்றுவிடும். ஏறிய சுமையைப் பொறி விடாமல் பிடித்துக்கொள்ளும். டிராலி வண்டியில் அப்படி முறியும் ஊசி எது? அன்று எங்களுக்குக் கயிறே அந்த ஊசியாயிற்று.

நம் ஊர்த் தேங்காய் நாரைச் சொல்லாமல் விட்டால் பொள்ளாச்சிக்காரன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கில்லை. எங்கள் பக்கத்தில் தென்னை வீழ்த்தும்போது இன்றும் சிலர் நார்க் கயிறுதான் கட்டுவார்கள். அதன் பலம் மணிலாவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஆனால் இழை வெகுவாக நீண்டு கொடுக்கும், நீரில் எளிதில் மக்காது. தேர் வடம் நாரில் திரித்திருப்பதன் நயம் இதில்தான் இருக்கிறது. நூற்றுக்கணக்கானோர் ஒரே நொடியில் இழுப்பதில்லை. முன்னே ஒருவன், பின்னே ஒருவன் என்று இழுக்கிறார்கள். அந்தச் சிறுசிறு இழுப்புகளைக் கூட்டிச் சேர்த்து, தேருக்கு அதிர்ச்சியில்லாமல் கொடுப்பது நாரின் நீட்சி. தேரோ தரையில் உருள்வது, சாய்ந்து விழுவதன்று. கையளவு தடித்த வடத்துக்கு இடமுள்ள தேருக்கு ஏற்றது, வீட்டோரத்து மரத்துக்கு ஏற்றதாகாது. ஊர்ப்பற்று இதற்குமேல் என்னை அழைத்துச்செல்ல மறுக்கிறது.

அந்தத் தைலமரத்துக்கு என்ன கயிறு வாங்கியிருக்க வேண்டும்? பத்து மீட்டர் உயரத்தில் கட்டி முப்பது மீட்டர் தள்ளி நின்றால் 158 கிலோ. கீலின் விறைப்பையும் காற்றையும் எண்ணி அதை இரட்டிப்பாக்குவோம், 320 கிலோ. பத்தில் ஒரு பங்கு விதிப்படி அறுபடும் எண் 3.2 டன்னுக்குக் குறையக் கூடாது. 16 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் நாலு டன். நாற்பது மீட்டர் எட்டுக் கிலோதான் எடை, கைக்கும் பிடிப்பாக இருக்கும், நீட்சி குறைவு, மழைக்கும் வெயிலுக்கும் மற்றவற்றைவிட நன்கு தாங்கும். வீட்டோரத்து மரங்களுக்கு என் வாக்கு அதற்கே. அதனால் முடியாத அளவு பெரிய மரத்துக்குக் கம்பி வடமும் கைப்பொறியும். நைலானை வண்டி இழுக்க வைத்துக்கொள்ளுங்கள். நீலக் கயிற்றைத் துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கயிறானாலும் பின்வெட்டு முடியுமுன் சற்றே விறைப்பாக்கி நிறுத்துவதோடு சரி. கீல் தடிப்பாக இருக்கையில் மிகுந்த விசையில் இழுத்தால் தண்டு நெடுக்காகப் பிளந்து, அடிப்பகுதி பின்னால் உதைத்து எழும்பும்; வெட்டுகிறவர் அங்கேதான் நிற்கிறார். உள்ளே பொந்து விழுந்த மரத்தில் கீலே நிற்காது. நம் வளாகச் சாலைகளில் செக்கச்செவேலென்று பூக்கும் குல்மொஹர் மரங்கள் பல இப்படி உள்ளே கூடானவை. அவற்றையும், வேர் பெயர்ந்து பாதி படுத்துவிட்ட மரங்களையும் கயிற்றால் இழுப்பதே தவறு. மேலிருந்து கிளை கிளையாகக் கழித்து இறக்கவேண்டும். எங்கள் விபத்துக்குச் சில வாரங்கள் கழித்து, 2024 ஆகஸ்டு 31 அன்று, முலுகு மாவட்டத்துத் தாட்வாய்க் காட்டில் ஒரே காற்றில் பல்லாயிரம் மரங்கள் வேரோடு சாய்ந்தன. செய்தியில் அந்தப் படங்களைப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது மரங்களன்று. ஒன்றன்மேல் ஒன்றாக, வில்போல் வளைந்து விறைத்துக் கிடந்த தண்டுகளில் எத்தனை அரிசி மூட்டைச் சக்தி அடங்கிக் கிடக்கிறது, யார் கை வைத்து அவற்றை வெட்டப்போகிறார்கள் என்பதே.

நிற்குமிடம் பற்றி ஒரு சொல். இழுக்கும் கயிற்றின் நேர்கோட்டிலும் அதன் இருமருங்கிலும் கயிற்றின் நீளத்துக்கு ஆள் நிற்கக் கூடாது. கயிறு கப்பியில் திரும்பினால், அந்த மூலையின் உட்புறம் மிகக் கொடியது. கப்பி கழன்றால் அந்தப் பக்கம்தான் பாயும். அன்று அண்ணன் நின்ற இடம் வண்டியிலிருந்து இரண்டு மீட்டர், கயிற்றிலிருந்து ஒரு முழம். அவரை அங்கே நிற்கச் சொன்னவர் எவருமில்லை. நிற்கவேண்டாம் என்று சொன்னவரும் இல்லை.

தையல் பிரித்தபிறகு ஒருநாள் அவரைத் தேடிப் போனேன். பீக்கரில் மிதந்த துண்டின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு அது பொடியறப்பவே தெரிஞ்சுது தம்பி. படிச்ச புள்ளையாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. இருபது நாள் கூலியைக் கொடுக்கப் போனால் பாதிதான் வாங்கினார். மீதியில் இருவருமாகக் கடைக்குப் போய் 16 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிறு நாற்பது மீட்டர் வாங்கினோம்; குறைந்த பணத்தை நான் போட்டேன். கடைக்காரர் "நைலான்தானே வேணும்?" என்றுதான் கேட்டார். அண்ணன் ஒரு நுனியில் விரல்நீளம் வெட்டி வாங்கி, பக்கத்து டீக்கடையில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு அதில் போட்டார். அடியில் போய்ப் படுத்தது.

இப்போது அந்தக் கயிறு அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில், கோணிப்பையில் இருக்கிறது. வாங்கிய தேதியை ஓர் அட்டையில் என்னை எழுதச் சொல்லி அதிலேயே கட்டியிருக்கிறார்.